ஐயோ, அந்த மெஹ்மத் எஃபெந்தி கடைக் காபி!

இஸ்தான்புல் போய்வந்தேன் என்றதும் ஆளாளுக்கு ஹாகியா சோஃபியாவைப் பற்றித்தான் கேட்கிறார்கள். பார்த்தேன், பிரமாதம், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் என்னைக் கேட்டால் அந்த ஊரின் மூலஸ்தானமே எமினோனுவில், மசாலா பஜாரை ஒட்டிய சந்துமுனையில்தான் இருக்கிறது என்பேன். குருகஹ்வெஜி மெஹ்மத் எஃபெந்தி! 1871-இல் தொடங்கிய காபிக் கடை, இன்னும் அதே குடும்பத்தின் கையில் இருக்கிறது. இந்தக் கதையை வீட்டில் எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் நான் வாயைத் திறந்தாலே எழுந்து போய்விடுகிறார்கள், அதனால் உங்களிடம் வந்திருக்கிறேன்.

கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பஜாருக்குள் நடக்கிறீர்கள், இந்தப் பக்கம் குங்குமப்பூ, அந்தப் பக்கம் உலர்ந்த அத்திப்பழம், நடுவில் பன்னீர் மணக்கும் லோக்கும் மிட்டாயைத் தட்டில் வைத்து நீட்டுகிற கடைக்காரர், எது எந்த வாசனை என்றே தெரியாமல் மூக்கு திணறுகிறது. மேற்கு வாசலைத் தாண்டி வெளியே காலை வைக்கிறீர்கள், அவ்வளவுதான்! வறுபடுகிற காபிக்கொட்டையின் வாசம் வந்து ஆளை அப்படியே இழுத்துக்கொண்டு போகிறது. வழி கேட்க வேண்டாம், பலகை பார்க்க வேண்டாம். நான் பாதி ஓட்டமும் பாதி நடையுமாகப் போனேன், வயசுக்கு ஏற்ற காரியம் இல்லைதான், யார் பார்த்தால் என்ன?

போனால் வரிசை! தெருவை வளைத்துக்கொண்டு நிற்கிறது. ஆனால் என்ன வேகமாக நகர்கிறது தெரியுமா? ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நிற்கிற பையன்களின் கைகளைப் பார்க்க வேண்டுமே! ஒருவர் பொடியை அள்ளி நிறுக்கிறார், அடுத்தவர் பொட்டலத்தின் வாயை மடிக்கிறார், ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, ஒரு தட்டு, முடிந்தது, கண் இமைப்பதற்குள் அடுத்தது. நான் வாயைப் பிளந்து நின்றதைப் பார்த்து முன்னால் நின்ற அம்மாள் சிரித்தேவிட்டார். என் முறை வந்தது, காசைக் கொடுத்தேன், பொட்டலம் கைக்கு வந்தது. சூடு! அரைத்த சூடு காகிதத்தைத் தாண்டி உள்ளங்கையில் ஏறுகிறது. மூக்கருகே கொண்டுபோனவன் நடுத்தெருவில் அப்படியே நின்றுவிட்டேன்.

இந்த மெஹ்மத் எஃபெந்தி செய்த காரியத்தைக் கேளுங்கள். அவருடைய அப்பா ஹசன் எஃபெந்தி மசாலாப் பொருளும் பச்சைக் காபிக்கொட்டையும் விற்றவர். அந்தக் காலத்தில் பச்சைக் கொட்டையை வாங்கிப்போய், வீட்டில் வாணலியில் வறுத்து, கை மெஷினில் அரைத்துத்தான் காபி போட வேண்டும், நம் பாட்டிமார் பட்ட அதே பாடு. மகன் கடையை எடுத்து நடத்த வந்ததும் கடையிலேயே வறுத்தார், கடையிலேயே அரைத்தார், தண்ணீரில் போட்டுக் காய்ச்ச வேண்டியதுதான் பாக்கி என்கிற பக்குவத்தில் பொடியாகக் கையில் கொடுத்தார். இவ்வளவுதான் யோசனை! அதுவும் எந்த இடத்தில்? இஸ்தான்புல்லின் முதல் காபிக் கடைகள் 1550-களில் முளைத்ததாகச் சொல்லப்படும் தஹ்தகாலே இதே வட்டாரம்தான். 1633-இல் நான்காம் முராத் சுல்தான் காபிக் கடைகளை மூடச் சொல்லி ஆணை போட்டார், ஊர் கேட்டதா? சுல்தான்கள் போய்ச் சேர்ந்தார்கள், காபி இருக்கிறது!

1931-இல் மெஹ்மத் எஃபெந்தி காலமானார். பல குடும்பத் தொழில்கள் படுத்துவிடுகிற கட்டம் இது. இங்கே மூன்று மகன்கள், மூன்று பேருக்கும் மூன்று கனவு, மூன்றும் பலித்தது! ஹசன் செலாஹத்தின் வெளிநாட்டுச் சந்தையைப் பார்த்தார். ஹுலுசி பெரிய அளவில் உற்பத்தியைத் தொடங்கினார், ஸூஹ்தூ பஷார் என்கிற கட்டடக் கலைஞரைக் கொண்டு அதே முனையில் ஆர்ட் டெகோ பாணியில் ஒரு கட்டடம் எழுப்பினார், இன்றைக்கும் அதன் வளைந்த முகப்பை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கலாம். பொடியைக் காகிதப் பொட்டலமாகக் கட்டிச் சொந்த மோட்டார் வண்டியில் மளிகைக் கடைகளுக்கு அனுப்பியதும் அப்போதுதான். வெளிநாட்டில் படித்துவந்த அஹ்மத் ரிஸா விளம்பரத்தில் இறங்கினார், 1933-இல் துருக்கியின் பெயர்பெற்ற ஓவியர் இஹாப் ஹுலுசியைப் பிடித்து முத்திரை வரையச் சொன்னார், அந்த முத்திரைதான் இன்றும் பொட்டலத்தில் இருக்கிறது! மறு வருஷம் எல்லோருக்கும் குடும்பப் பெயர் கட்டாயம் என்று சட்டம் வந்தபோது இவர்கள் குருகஹ்வெஜி என்கிற தொழில் பெயரையே குடும்பப் பெயராகச் சூட்டிக்கொண்டார்கள். 1970-களின் கடைசியில் அந்நியச் செலாவணி இல்லாமல் நாட்டில் காபிக்கே பஞ்சம் வந்து, ஜனங்கள் கொண்டைக்கடலையை வறுத்துப் பொடித்துக் குடித்த காலத்தையும் இந்தக் கடை தாண்டியிருக்கிறது. அப்பேர்ப்பட்ட கை வறுத்த பொடி ஐயா இது!

பொடி என்றால் சாதாரணப் பொடியா? நைஸ் என்றால் அப்படியொரு நைஸ், திருநீறு மாதிரி விரலிடுக்கில் நழுவுகிறது. நம் ஃபில்டரில் போட்டால் அடைத்துக்கொள்ளும். ஜெஸ்வே என்கிற நீளப்பிடிச் செப்புப் பாத்திரத்தில் பச்சைத் தண்ணீர், பொடி, சர்க்கரை மூன்றையும் முதலிலேயே கலந்து, சின்னத் தீயில் வைத்து, பக்கத்திலேயே நிற்க வேண்டும். நுரை மெல்லக் கூடி, நடுவில் குவிந்து, விளிம்புக்கு ஏறுகிற அந்த நொடியில் இறக்கிவிட வேண்டும், கொதித்துவிட்டால் நுரை போச்சு! அந்த ஊரில் இதைச் சின்னப் பீங்கான் கோப்பையில் ஊற்றி, பக்கத்தில் ஒரு தம்ளர் தண்ணீரும் ஒரு துண்டு லோக்கும் வைத்துத் தருகிறார்கள். பாலும் சிக்கரியும் இல்லாத காபியெல்லாம் ஒரு காபியா என்று நாற்பது வருஷமாகப் பேசிவந்த வாய் இது. முதல் மிடறில் கசப்பு, அடுத்த மிடறில் அந்தக் கசப்புக்குள்ளேயே ஒரு கொக்கோ மணம், அதற்கடுத்து எனக்குப் பேச்சே வரவில்லை! 2013-இல் யுனெஸ்கோ துருக்கிக் காபிப் பண்பாட்டை மனிதகுலத்தின் தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்ததாம், அந்தக் கோப்பையைக் குடித்தவனுக்கு அவர்கள் ஏன் அவ்வளவு தாமதித்தார்கள் என்றுதான் கேட்கத் தோன்றும்.

குறையே இல்லையா என்றால், அடியில் மண்டி நிற்கும், கடைசி மிடறைக் குடிக்கக் கூடாது. வரிசையில் தோளோடு தோள் இடிபடும். அதெல்லாம் ஒரு குறையா?

இஸ்தான்புல் போகிறவர்களுக்கு ஒரே வேண்டுகோள். விமான நிலையத்தில் டின்னில் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள். எமினோனுவுக்கே போங்கள், வரிசையில் நில்லுங்கள், சூடாக வாங்குங்கள். நைஸ் பொடி, வாசம் சீக்கிரம் போய்விடும், அதனால் சின்னப் பொட்டலங்களாகவே கேளுங்கள், ஊருக்கு வந்ததும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டுவையுங்கள். முக்கியமாக, எனக்கும் ஒன்று வாங்கி வாருங்கள்!