கண்ணாடி பார்க்கும் வீரர்கள்

நெல்லையிலிருந்து திருச்செந்தூர் பஸ்ஸில் போகிறவர்கள் ஆழ்வார்திருநகரியை ஜன்னல் வழியாகப் பார்த்திருப்பீர்கள். நம்மாழ்வார் ஊர். 1370-ல் மணவாள மாமுனிகள் பிறந்ததும் அங்கேதான். அழகான சண்டைக்காரர்களைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் அவரிடமிருந்து ஆரம்பிப்பது நல்லது.

சாமியாருக்கும் சண்டைக்காரனுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? இருக்கிறது. மாமுனிகள் சீர்காழிப் பக்கம் உள்ள திருநகரிக்குப் (அது வேறு திருநகரி) போனாராம். அங்கே திருமங்கையாழ்வாரின் திருமேனியைப் பார்த்து, அந்த வடிவழகில் சொக்கிப்போய்ப் பாடினார் என்பது வைணவ மரபு. திருமங்கையாழ்வார் லேசுப்பட்ட ஆளில்லை. சோழனின் படைத்தலைவர், பிற்பாடு வழிப்பறிக்காரர். அந்தச் சிலையில் வேலைத் தோளில் சாய்த்துக்கொண்டு கைகூப்பி நிற்கிறார். அழகன்தான். ஆனால் அவர் கவனம் தன் மேல் இல்லை. ரசிப்பது அடுத்தவர் வேலை.

இப்போது எதிர்க்கட்சி. தன்னைத்தானே ரசிக்கிற வீரன். கதைகளில் இந்த ஆளை உங்களுக்கு நன்றாகத் தெரியும். வாளை உருவுமுன் மீசையைத் தடவுவான். உதட்டில் ரத்தம் வந்தால் வலியைவிட முகம் போச்சே என்றுதான் பதறுவான். கடைசியில் அந்த முகத்திலேயே காயம் பட்டுத் தோற்பான். தியேட்டரில் கைதட்டல்.

இவனுக்கு மூதாதை மகாபாரதத்தில் இருக்கிறான். நகுலன். கடைசிப் பயணத்தில் பாண்டவர்கள் இமயத்தில் ஏறும்போது ஒவ்வொருவராக விழுகிறார்கள். நகுலன் விழுந்ததும் பீமன் காரணம் கேட்கிறான். அழகில் தனக்கு நிகர் யாருமில்லை என்று நினைத்தான், அதனால் விழுந்தான் என்கிறார் தருமர். சற்று நேரத்தில் அர்ஜுனனும் விழுகிறான். வில்வித்தைக் கர்வம். கவனியுங்கள், வியாசர் அழகைத் தண்டிக்கவில்லை. 'என்னைப் போல எவன்?' என்கிற நினைப்பைத்தான் தண்டிக்கிறார். அது முகத்தைப் பற்றி இருந்தாலும் சரி, வில்லைப் பற்றி இருந்தாலும் சரி, ஒரே மார்க்தான்.

நம் சினிமாவில் இதைச் சரியாகப் புரிந்துகொண்ட படம் ஒரு காமெடிப் படம் என்பது வேடிக்கை. 'இம்சை அரசன் 23ம் புலிகேசி' (2006). வடிவேலு தன் தலையைக் கட்டுமஸ்தான உடம்பில் பொருத்தி ஓவியம் வரையச் சொல்வாரே, ஞாபகம் இருக்கிறதா? நாம் விழுந்து விழுந்து சிரித்தோம். வடிவேலு முகத்தைப் பார்த்தா சிரித்தோம்? இல்லை. அதே முகத்தோடு அண்ணன் தம்பியில் இன்னொருவனும் அந்தப் படத்தில் இருக்கிறான், உக்கிரபுத்தன். அவன் வாள் எடுத்தபோது யாரும் சிரிக்கவில்லை. முகம் ஒன்று, ஆள் இரண்டு. சிம்புதேவன் இதை லெக்சர் அடிக்காமல் காட்டிவிட்டார்.

அந்தப் படத்தைத் தயாரித்த ஷங்கர், 2015-ல் தானே இயக்கிய 'ஐ'யில் இந்த விஷயத்துக்கு நேராக வந்தார். 'ஐ' என்றால் தமிழில் அழகு என்றும் பொருள் உண்டு, அருமையான தலைப்பு. வடசென்னை ஜிம்மில் உடம்பைச் செதுக்குவதே தவமாக இருக்கும் லிங்கேசன் மாடலாகிறான். பொறாமைக்காரர்கள் ஊசி போட்டு அவனை உருக்குலைக்கிறார்கள். அவன் கூனிக் குறுகிய பிறகும் காதலி அவனை ஏற்றுக்கொள்கிறாள். அழகு உள்ளே இருக்கிறது என்று சொல்ல வருகிற படம்தான். விக்ரமின் உழைப்பும் அசாத்தியம்.

ஆனால் லிங்கேசன் எப்படிப் பழிவாங்குகிறான்? வில்லன்களை ஒவ்வொருவராக விகாரமாக்குகிறான். நாமும் அவர்களைப் பார்த்துச் சிரிக்க வேண்டும் என்று படம் எதிர்பார்க்கிறது. உருவம் முக்கியமில்லை என்றால் உருவத்தைக் கெடுப்பது எப்படி ஐயா தண்டனையாகும்? அங்கே படம் தன் காலைத் தானே வாரிக்கொள்கிறது. தீக்காயத்தோடும் கூனோடும் நிஜமாக வாழ்கிறவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருந்தால் அந்தச் சிரிப்பு அவருக்கு எப்படி இருக்கும்?

இன்னொரு கள்ளத்தனமும் இருக்கிறது. வில்லன் சண்டைக்கு நடுவே தலை வாரினால் அற்பன். ஹீரோ பத்துப் பேரைப் போட்டுவிட்டு ஸ்லோமோஷனில் முடியைக் கோதினால் விசில். ஹீரோவுக்குக் கண்ணாடி தேவையில்லை, கேமரா இருக்கிறது. அவன் கர்வத்தை நாமே அவனுக்காகச் சுமக்கிறோம்.

இது சினிமாவோடு போகிற சமாசாரம் இல்லை. காலை ஐந்து மணிக்கு ஜிம்மில் நிற்கிற பையனை, கண்ணாடியை முறைக்கிறான் என்று கேலி செய்கிறோம். அவனை அங்கே அனுப்பிய போஸ்டருக்குப் பாலாபிஷேகம் செய்கிறோம். பையன் பாவம். இமயத்தில் ஏறச் சொன்னால் முதலில் விழப்போவது விசிலடித்த நாம்தான்.