மற்போர் அரங்கும் மெய்ப்பாடும்

புறநானூற்றின் 80-ஆம் பாட்டில் ஒரு மற்போர் நிகழ்கிறது. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன், ஆமூர் மல்லனைப் பொருது வீழ்த்தும் காட்சியைச் சாத்தந்தையார் பாடியுள்ளார். சோழனின் ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்துகிறது. மறு கால் அவன் செய்ய முயலும் சூழ்ச்சியைத் தடுத்து முதுகுப்புறம் நிற்கிறது. மகனோடு மாறுபட்டிருந்த தந்தை தித்தன் இதனைக் காண வேண்டும் என்பது புலவரின் விழைவு. வகுப்பறையில் இப்பாட்டைப் பயிற்றுவிப்போர் சோழனின் ஆற்றலையும் புலவரின் பரிவையும் விளக்கிவிட்டு அடுத்த பாட்டுக்குச் சென்றுவிடுவர். வீழ்ந்தவன் யார் என்று எவரும் வினவுவதில்லை. வினவினும் விடை கிடைக்காது. பாட்டின் குறிப்பில் அவனது ஊர்ப்பெயர் உண்டு. அவன் பெயர் இல்லை.

வீழ்ந்தவனை மறந்துவிடும் இவ்வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொழில்முறை மற்போரைப் பற்றிய பேச்சிலும் தொடர்கிறது. அதன் அன்பர்கள் வென்றோர் பெயரையும் பட்டங்களையும் அடுக்குவர். கற்றோரோ, 'எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்த ஆட்டம்' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். இவ்விரு சாராரும் வெற்றி தோல்வி என்னும் ஒரே கோலால் அளப்பவர்களே ஆவர். பேசி வைத்த ஆட்டமாயின் அது கூத்து. கூத்தைக் கூத்தின் இலக்கணம் கொண்டு அளப்பதன்றோ முறை? தெருக்கூத்தில் துரியோதனன் மெய்யாகவே மடியவில்லை என்று குறைகூறி எவரும் எழுந்து போவதில்லை. பிரெஞ்சுத் திறனாய்வாளர் ரோலான் பார்த், 1957-இல் வெளிவந்த தம் கட்டுரைத் தொகுப்பின் தொடக்கத்திலேயே மற்போரை வைத்து, அது விளையாட்டன்று, காட்சிக்கலை என்று நிறுவினார். தமிழ் மாணவர்க்கு இக்கருத்து புதுமையாகத் தோன்ற வேண்டியதில்லை. உள்ளத்து உணர்வு உடல்வழிப் புறத்தே புலப்படுவதை ஆராயும் மெய்ப்பாட்டியல் தொல்காப்பியத்திலேயே இருக்கிறது.

மெய்யான மற்போர் பெரும்பாலும் காண்பதற்குச் சுவையற்றது என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 1910 செப்டம்பர் 10-ஆம் நாள் இலண்டனில் பஞ்சாபிய மாவீரர் காமாவும் போலந்து வீரர் ஸ்டானிஸ்லாஸ் ஸிபிஸ்கோவும் மோதினர். தொடங்கிய சிறிது நேரத்திற்குள் காமா எதிரியைக் கீழே கொண்டுவந்துவிட்டார். அதன்பின் ஸிபிஸ்கோ தரையோடு தரையாய் ஒட்டிக் கிடந்தார்; இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகியும் அவரைப் புரட்ட இயலவில்லை. ஆட்டம் முடிவின்றி நின்றது. ஒரு வாரம் கழித்துக் குறித்த மறு ஆட்டத்திற்கு ஸிபிஸ்கோ வரவே இல்லை. பட்டம் காமாவுக்குச் சென்றது. 1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்திற்குள் காமா வென்றுவிட்டார். வீரத்தின் வரலாற்றில் இவை பெருநிகழ்ச்சிகளே. ஆயினும், ஒன்று இரண்டரை மணி நேரம் ஒருவர் குப்புறக் கிடந்த காட்சி. மற்றொன்று காண்போர் இருக்கையில் சரியாக அமர்வதற்குள் முடிந்த காட்சி.

1920-களில் அமெரிக்காவில் எட் 'ஸ்டிராங்லர்' லூயிஸ், பில்லி சாண்டோ, டூட்ஸ் மாண்ட் ஆகிய மூவர் இச்சிக்கலைத் தீர்க்க முற்பட்டனர். ஆட்டத்திற்குக் கால வரம்பு வைத்தனர். தூக்கி எறிதல், பாய்ந்து மோதுதல் போன்ற கண்கவர் அடிகளைச் சேர்த்தனர். முடிவையும் தாமே அமைத்தனர். கோதா மேடையானது அப்போதுதான் எனலாம். அவர்களது கணக்குச் சரியே என்பதற்கு அரை நூற்றாண்டுக்குப் பின் ஒரு சான்று கிடைத்தது. 1976 ஜூன் 26-ஆம் நாள் டோக்கியோவில் குத்துச்சண்டை வீரர் முகமது அலியும் மற்போர் வீரர் அந்தோனியோ இனோக்கியும் மோதினர். முடிவு பேசி வைக்கப்படாத அந்த ஆட்டத்தின் பெரும்பகுதியை இனோக்கி தரையில் மல்லாந்து கிடந்து அலியின் கால்களை உதைப்பதிலேயே கழித்தார். 15 சுற்றுகள் முடிந்தும் வெற்றி தோல்வி இல்லை. உலகமெங்கும் காத்திருந்து பார்த்தவர்கள் சலித்துப் போயினர். இலண்டனில் குப்புறக் கிடந்த ஸிபிஸ்கோவின் மறுபிறப்பு டோக்கியோவில் மல்லாந்து கிடந்தது போலும்!

இனி, சிங்கப்பூரும் மலாயாவும் நன்கறிந்த ஒருவரைக் காண்போம். ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா என்பவர், 1933-இல் வெளிவந்த புகழ்பெற்ற திரைப்படத்தின் பெயரைத் தமக்குச் சூடிக் 'கிங்காங்' ஆனார். பருத்த கழுத்தும் பெருவயிறும் கொண்ட அவரது உடலின் எடை 400 பவுண்டு அளவினது என்று விளம்பரங்கள் முழங்கின. சிங்கப்பூரின் கேளிக்கைப் பூங்காக்களான கிரேட் வோர்ல்டும் ஹேப்பி வோர்ல்டும் குஸ்திக்குப் பெயர் பெற்ற களங்கள். அங்குச் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் பஞ்சாபியரும் அருகருகே அமர்ந்திருந்தனர். அத்தனை பேருக்கும் பொதுவானதொரு மொழி அந்நாளில் அரிது. ஆகவே அவ்வரங்கில் கதையை வாயால் சொல்ல முடியாது. உடலால்தான் சொல்ல வேண்டும். பெரிய உடலொன்று வருகிறது என்றவுடனே அச்சம். அது நடுவர் காணாதபடி வஞ்சனை செய்கையில் வெகுளி. அடி தாளாது கைகூப்பிப் பின்வாங்குகையில் நகை. இறுதியில் அது வீழ்கையில் உவகை. வெல்பவனிடம் பெருமிதம் ஒன்றே உண்டு. ஏனைய மெய்ப்பாடுகளுக்கெல்லாம் நிலைக்களன் தோற்பவனே.

அதே சிங்கப்பூருக்கு 1940-களின் இறுதியில் பிழைப்புத் தேடி வந்த பஞ்சாபிய இளைஞர்தாம் தாராசிங். கிரேட் வோர்ல்டில் பயின்று, கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலாயாவின் வீரராகி, பின்னர் தாயகம் திரும்பினார். அவருக்கும் கிங்காங்குக்கும் நிகழ்ந்த போட்டிகளுள் 1956-இல் ராஞ்சியில் நடந்ததே பெரிதும் பேசப்படுவது. தாராசிங் அப்பேருடலைத் தலைக்குமேல் தூக்கிச் சுழற்றினார் என்று இன்றளவும் சொல்லப்படுகிறது. தமிழிலும் வலிமைக்கு ஒரு பழமொழி போல 'தாராசிங்' என்னும் பெயர் புழங்குவதற்கு இத்தகைய செய்திகளே காரணம்.

இவ்விடத்தில் திறனாய்வாளன் சற்று நின்று நோக்க வேண்டும். தன்னினும் மிக எடை கூடிய ஒருவனை, அவன் இசையாமல், தலைக்குமேல் தூக்குவது எத்தகைய பயில்வானுக்கும் பெரும்பாடு. தூக்கப்படுபவன் சரியான நொடியில் தரையை உந்தி எழும்ப வேண்டும். தூக்குபவனின் தோளில் தன் கையை ஊன்றிச் சுமையைப் பகிர வேண்டும். மேலே சென்றபின் உடலை விறைப்பாக நிறுத்த வேண்டும். உடல் தளர்ந்தால் இருவரும் சரிவர். விழும்போதோ முகவாயை மார்போடு ஒட்டி, முதுகு முழுவதும் ஒருசேரத் தரையில் படுமாறு விழுதல் வேண்டும். தலையோ முழங்கையோ முன்னே பட்டால் எலும்பு முறியும். இத்தனையும் செய்துகொண்டே, தான் எதுவும் செய்யாதவன் போலவும், எதிர்பாராமல் அகப்பட்டுக் கொண்டவன் போலவும் முகத்தில் மருட்கை காட்ட வேண்டும். கைதட்டல் மட்டும் தூக்கியவனுக்கே. தன் திறமை முழுவதையும் செலவிட்டுத் தன் திறமையின்மையை நம்ப வைக்கும் கலை வேறெங்கேனும் உண்டா என்பது ஐயமே.

ராஞ்சிக்கு ஓராண்டு முன்னர், 1955 நவம்பரில், டோக்கியோவிலும் கிங்காங் இதையே செய்திருந்தார். ரிக்கிடோசான் என்னும் ஜப்பானிய வீரரிடம் தோற்று, அனைத்தாசியப் பட்டத்தை அவருக்கு ஈந்தார். போரில் தோற்ற ஜப்பானுக்கும் விடுதலை பெற்றுப் பத்தாண்டு நிறையாத இந்தியாவுக்கும் அவ்வேளையில் ஒரே காட்சி தேவைப்பட்டது: ஒரு பெரிய வெள்ளை உடல் வீழும் காட்சி. அதை ஓராண்டு இடைவெளியில் இரு நாடுகளுக்கும் வழங்கியவர் ஒருவரே. இதிலும் ஒரு வியப்பு உண்டு. ஜப்பானின் மானம் காத்த ரிக்கிடோசான் பிறப்பால் கொரியர். அவ்வுண்மை மக்களிடமிருந்து மறைக்கப்பட்டிருந்தது. வீரனின் வேடமும் வேடமே என்பதை மறத்தலாகாது.

தோற்பவன் தன் உடலை எதிரியின் கையில் ஒப்படைக்கிறான் என்றால், அவ்வொப்படைப்பு மீறப்படும்போது என்ன நேரும்? 1954 டிசம்பர் 22-ஆம் நாள் அதே ரிக்கிடோசான், ஜூடோ மேதை மசாஹிகோ கிமுராவைச் சந்தித்தார். ஆட்டத்தைச் சமனாக முடிப்பதென்று உடன்பாடு இருந்ததாகக் கிமுரா பின்னாளில் கூறினார். ஆனால், நடுவில் ரிக்கிடோசான் மெய்யாகவே தாக்கத் தொடங்கினார். கிமுரா நினைவிழந்து வீழ்ந்தார். வரலாறு இதனை ரிக்கிடோசானின் வெற்றி என்று எழுதுகிறது. கூத்தின் இலக்கணப்படி இது மேடையில் துச்சாதனனாக வந்தவனை வீமன் வேடக்காரன் மெய்யாகக் குத்தியது போன்றது. இதனைக் கலை என்பதற்கில்லை.

இக்கூத்தின் எல்லாப் பகுதியும் போற்றத்தக்கதும் அன்று. தீயவன் வேடத்தைத் தருவதற்கு அரங்கினர் பெரும்பாலும் இனத்தையே எளிய வழியாகக் கொண்டனர். ஹவாயில் பிறந்த அமெரிக்கரான ஹெரால்ட் சகாட்டா, 1948 ஒலிம்பிக்கில் தம் நாட்டுக்காகப் பளு தூக்கி வெள்ளிப் பதக்கம் பெற்றவர். அத்தகையவரை அமெரிக்கக் கோதா 'டோஷ் டோகோ' என்னும் வஞ்சகமிக்க ஜப்பானியராக ஆக்கியது. 1964-இல் திரைப்படமும் அதே வேடத்தின் சாயலையே அவருக்குத் தந்தது. இங்கே எழும் வெகுளி, அவ்வேடத்தோனின் செயலைக் கண்டு எழுவதன்று. அவன் முகத்தைக் கண்டே எழுவது. அது மலிவான சுவை. இதற்கு நேர்மாறாக, பட்டு அங்கியும் சுருட்டிய பொன்முடியும் நறுமணமும் கொண்டு தொலைக்காட்சியில் புகழ்பெற்ற 'கார்ஜியஸ்' ஜார்ஜ், செருக்கு என்னும் குணம் ஒன்றையே மூலதனமாக்கி மக்களின் வசையைச் சம்பாதித்தார். 1961-இல் லாஸ் வேகாசில் அவரைக் கண்ட இளைஞர் முகமது அலி, வசைபாட வருவோரும் காசு கொடுத்தே வருகின்றனர் என்னும் பாடத்தை அவரிடம் கற்றுக்கொண்டார்.

கிங்காங்கின் தீமை இவ்விருவகையிலும் அடங்காது. அவர் வெள்ளையர் என்பது அக்காலத்து ஆசிய மக்களுக்கு ஒரு பொருளைத் தந்தது உண்மையே. ஆயினும் மலாயாவின் சீனச் சிறுவனும் தமிழ்ச் சிறுவனும் அவரை வெறுத்ததைவிட மிகுதியாக அவரைக் காண விரும்பினர். இராவணன் வரும் காட்சிக்காக விழித்திருக்கும் ஊர் போன்றது அது. அவருடைய கலையின் உச்சம் இதுவே எனல் வேண்டும்.

1989-இல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில், விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறும் பொருட்டு, மற்போர் நிறுவனத்தார் தம் தொழில் வெறும் கேளிக்கையே என்று தாமே அறிவித்தனர். அதன் பின்னர் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. ஆயினும் இன்றும் அவ்வரங்கைப் பற்றி எழுதுவோர் வென்றோரின் பட்டியலையே எழுதுகின்றனர்.

தாராசிங் 1983-இல் கோதாவிலிருந்து ஓய்வு பெற்றார், தொலைக்காட்சி இராமாயணத்தில் அனுமனாக வீடுதோறும் புகுந்தார், மாநிலங்களவையில் அமர்ந்தார், 2012-இல் மறைந்தார். கிங்காங், சாலை விபத்தில் அடைந்த காயங்களால் 1970-இல் சிங்கப்பூரிலேயே உயிர் நீத்தார். 1962-இல் தாராசிங்கைக் கதைத்தலைவராகக் கொண்டு இந்தியில் ஒரு படம் வெளிவந்தது. அதற்குப் படமெடுத்தோர் வைத்த பெயர் 'கிங்காங்'.