கரடிக்கு எந்தப் பங்கு?

சேலத்தில் இருக்கும் அக்கா மகன் இரண்டு நாளாக யாரோடும் சரியாகப் பேசவில்லை. அக்கா எனக்குப் போன் போட்டு, “வேலையில ஏதோ பிரச்னை போலிருக்குடா, நீ கொஞ்சம் என்னன்னு கேளு” என்றாள். கேட்டேன். வேலையில் ஒரு பிரச்னையும் இல்லை. ஒரு தோல் சட்டை அவனுக்குக் கிடைக்காமல் போய்விட்டது. அதைக் கடையில் வாங்க முடியாது, கையால் தொடவும் முடியாது. கம்ப்யூட்டர் திரைக்குள் மட்டும்தான் போட்டுக்கொள்ளலாம்.

சிரித்துவிட்டேன். சிரித்தது தப்பு என்று, அவன் சொன்ன கணக்கை முழுசாகக் கேட்டபோது புரிந்தது.

அவன் ஆடுவது ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’. அமெரிக்காவின் பிளிஸார்ட் கம்பெனி 2004 நவம்பரில் வெளியிட்ட ஆன்லைன் விளையாட்டு. பழைய ரசிகர்கள் கேட்டுக் கேட்டு, அதன் ஆரம்ப கால வடிவத்தை 2019-ல் ‘கிளாஸிக்’ என்ற பெயரில் மறுபடி கொண்டுவந்தார்கள். பழைய படத்தை ரீ-ரிலீஸ் செய்வது மாதிரி. உலகத்தின் பல மூலைகளிலிருந்து நாற்பது பேர் ஒரே நேரத்தில் சேர்ந்து, எரிமலைக்குள் இருக்கும் குகையில் இறங்கி ராட்சசர்களை அடிப்பார்கள். ஒரு ராட்சசன் விழுந்தால் இரண்டு மூன்று சாமான்கள் கிடைக்கும். ஆட்கள் நாற்பது பேர். இதைத்தான் ‘லூட்’ என்கிறார்கள்.

எங்கள் பக்கத்தில் பத்துப் பேர் பணம் போட்டுக் கிடா வெட்டினால், கறியைப் பத்துக் கூறாக வைப்பார்கள். ஈரல், தொடை, நெஞ்செலும்பு எல்லாம் எல்லாக் கூறிலும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். யாருக்கும் மனவருத்தம் இல்லை. சட்டையைக் கூறு போட முடியாதே! ஒருவருக்குக் கிடைத்தால் முப்பத்தொன்பது பேருக்கு இல்லை. அதனால் யாருக்கு எது உரிமை என்று ஒரு விதி வேண்டியிருக்கிறது. வம்பு அங்கேதான் தொடங்குகிறது.

விளையாட்டில் வேலைகள் மூன்று. முன்னால் நின்று அடி வாங்குகிறவர் ‘டேங்க்’. பின்னால் நின்று அடிபட்டவர்களுக்கு வைத்தியம் பார்ப்பவர் ‘ஹீலர்’. மற்றவர்கள் அடிக்கிறவர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஒரு வேலைதான். ‘ட்ரூயிட்’ என்று ஒரு ஜாதி மட்டும் விசேஷம்: கரடியாக மாறி அடி வாங்கும், பூனையாக மாறிப் பிறாண்டும், மனுஷனாக நின்று வைத்தியமும் பார்க்கும். இந்த மாதிரி ஆட்களுக்கு ‘ஹைப்ரிட்’ என்று பெயர். எங்கள் பக்கம் ஹைப்ரிட் என்றால் பருத்தி விதையும் தக்காளி விதையும்தான் ஞாபகம் வரும். அக்கா மகன் இந்த வகை ஹைப்ரிட்.

குழுவின் பட்டியலில் அவன் பெயர் ஹீலர் வரிசையில் இருக்கிறது. அன்று ராத்திரி டேங்க் ஒருத்தர் வரவில்லை. “நீ கரடியா நில்லேன்” என்றார் தலைவர். நின்றான். மூன்று மணி நேரம் அடி வாங்கினான். ராட்சசன் விழுந்தான். கரடிக்குப் பொருத்தமான தோல் சட்டை ஒன்று கிடைத்தது. கேட்டான். “நீ பட்டியல்ல ஹீலராச்சே, இது உனக்கு ரெண்டாவது வேஷம். முதல் வேஷத்துக்கு வேணுங்கறவங்க முதல்ல” என்று வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். சரி என்று விட்டான். அடுத்த ராட்சசனிடம் வைத்தியர்களுக்கான மோதிரம் கிடைத்தது. கேட்டான். “இன்னிக்கு நீ வைத்தியம் பாக்கலையே, பாத்தவங்க முதல்ல” என்றார்கள்.

“ரெண்டு வரிசையிலும் கடைசி ஆள் நான்தானுங்க மாமா” என்றான். குரல் கொஞ்சம் உடைந்திருந்தது. முப்பது வயசு ஆள்.

எதிர்க்கட்சி நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒற்றை வேலை ஆளுக்கு ஒரு செட் துணிமணி போதும். ஹைப்ரிட்டுக்கு இரண்டு, மூன்று செட் வேண்டும். கேட்டதையெல்லாம் கொடுத்தால் இரண்டு பேர் பங்கை ஒருவர் கொண்டுபோவார். இன்று கரடி என்று சட்டையை வாங்கிக்கொண்டு, அடுத்த வாரம் முதல் அதைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்தால் குழுவுக்கு என்ன லாபம்? தினமும் அதைப் போட்டு உழைக்கப்போகிறவருக்குக் கொடுப்பதுதானே புத்தி? நியாயமான கேள்வி. பேராசைக்கார ஹைப்ரிட்டுகளும் உலகத்தில் உண்டு.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததில்லை. 1999-ல் ‘எவர்க்வெஸ்ட்’ என்ற விளையாட்டில் ‘ஆஃப்டர்லைஃப்’ என்ற குழுவினர் ஒரு முறை கண்டுபிடித்தார்கள். வேட்டைக்கு வந்தால் மார்க். சேர்த்த மார்க்கைச் செலவழித்துச் சாமான் வாங்கிக்கொள்ளலாம். ‘டிராகன் கில் பாயின்ட்ஸ்’ என்று பெயர். ரேஷன் கார்டும் சீட்டுக் கம்பெனியும் கலந்த மாதிரி ஓர் ஏற்பாடு. வேறு பல குழுக்களும் இதை எடுத்துக்கொண்டன. பகடை உருட்டுவது இன்னொரு முறை. நாலு பெரிய மனுஷர்கள் உட்கார்ந்து முடிவு செய்வது மூன்றாவது முறை, நம் ஊர்ப் பஞ்சாயத்து. மூன்றிலும் ஹைப்ரிட்டுக்கு இடி. மார்க் முறையில் அவன் ஓர் ஆள் சம்பளத்தில் இரண்டு பேருக்குத் துணி எடுக்க வேண்டும். பகடையில் ‘முதல் வேஷம் முதலில்’ என்று ஒதுக்குகிறார்கள். பஞ்சாயத்தில் தலைவரின் ஞாபகசக்தியை நம்ப வேண்டியிருக்கிறது.

இந்த விளையாட்டின் சித்திரம், சங்கீதம் பற்றிச் சொல்ல நான் ஆளில்லை. அதன் பங்கு விதிகளைப் பற்றி ஒரு விமர்சனம் சொல்லலாம் என்று தோன்றுகிறது. முதல் குற்றவாளிகள் விளையாட்டைச் செய்தவர்கள்தான். ட்ரூயிட்டுக்கு மூன்று வேஷம் கொடுத்தார்கள். ஆனால் ஆரம்பத்தில் அந்த எரிமலைக் குகையில் ட்ரூயிட்டுக்கென்று தைத்து வைத்த முழு செட் உடுப்பு வைத்தியத்துக்கானது. கரடியாகவும் இருக்கலாம் என்று சொல்லிவிட்டுக் கரடிக்குத் துணி தைக்காமல் விட்டார்கள். அதனாலேயே அன்றைய குழுக்கள் ஹைப்ரிட் என்றால் வைத்தியம்தான் என்று ஓரமாக உட்காரவைத்தன.

பிறகு திருத்தினார்கள். 2007-ல் டோக்கன் கொடுத்தார்கள்: டோக்கனைக் கொண்டுபோய் அவரவர் வேஷத்துக்கான உடுப்பை வாங்கிக்கொள்ளலாம். இது நல்ல திருத்தம். 2009-ல் ஒரே ஆள் இரண்டு வேஷத்தைத் தயாராக வைத்து மாற்றிக்கொள்ள வழி செய்தார்கள். 2012-ல், முன்பின் தெரியாதவர்கள் சேர்ந்து ஆடும் வேட்டைகளில், யாருக்கு என்ன என்பதைக் கம்ப்யூட்டரே தீர்மானித்து அவரவர் பையில் போடும் முறை வந்தது. 2018-ல் புதிய வடிவத்தில் எல்லோருக்கும் அதுவே விதி. சண்டை ஒழிந்தது.

ஒழிந்ததா? தனக்குக் கிடைத்ததைத் தேவைப்படும் நண்பனுக்குக் கொடுக்கலாம் என்றால் அதற்கும் ஆயிரம் நிபந்தனை. கம்ப்யூட்டர் பாரபட்சம் பார்க்காது, ஆனால் பக்கத்தில் இருப்பவனின் கஷ்டமும் அதற்குத் தெரியாது. ஆட்டக்காரர்கள் முணுமுணுத்தார்கள். 2022-ல் பெரிய வேட்டைகளுக்கு மறுபடி குழுவாகப் பங்கு போடும் முறையைக் கொண்டுவந்தார்கள். சண்டை வந்தாலும் பரவாயில்லை, பங்கை நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று மனுஷர்கள் கேட்டு வாங்கிக்கொண்ட இடம் இது. எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த அத்தியாயம்.

‘ஓர் ஆள்தானே, இரண்டு பங்கு எதற்கு’ என்ற பேச்சை நான் வேறோர் இடத்தில் கேட்டிருக்கிறேன். என் சித்தப்பா நாமக்கல்லில் முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். அவர் காலத்தில் வண்டிக்கு ஒரு டிரைவர், ஒரு கிளீனர். தூரத்து லோடு என்றால் இரண்டு டிரைவர். போகப் போக ஆள் குறைந்தது. நேஷனல் பர்மிட் லாரிக்கு இரண்டு டிரைவர் வேண்டும் என்ற விதியையும் 2018-ல் எடுத்துவிட்டார்கள். “ஓட்டறப்ப டிரைவரு, பஞ்சரானா கிளீனரு, ராத்திரி டீசல் திருட வந்தா வாட்ச்மேனு. பேட்டா மட்டும் ஒருத்தனுக்கு” என்பார். முதலாளியைக் கேட்டால், “வயிறு ஒண்ணுதானே?” என்று பதில் வருமாம்.

சித்தப்பா ஒரு வழி வைத்திருந்தார். தார்ப்பாய் கட்டுவது யார், லோடு எண்ணுவது யார், அதற்கு என்ன கணக்கு எல்லாவற்றையும் வண்டியை எடுப்பதற்கு முன்பே பேசிவிடுவார். “பாதி வழியில பேசினா கெஞ்சறது. திரும்பி வந்து பேசினா சண்டை. கிளம்பறப்ப பேசினாத்தான் கூலி.”

அக்கா மகனின் கேஸுக்கும் தீர்ப்பு இதுதான் என்று நினைக்கிறேன். ஹைப்ரிட் இரண்டு வரிசையிலும் நிற்கக் கூடாது, ஒத்துக்கொள்கிறேன். அதேபோல, குழு தன் வசதிக்காக ஓர் ஆளை வரிசை மாற்றினால், அந்த ராத்திரிக்கு அவன் மாறிய வரிசையில் முழு உரிமைக்காரன். பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை. அன்று யார் என்ன வேலை செய்தார்கள் என்பதற்குத்தான் பங்கு. தேவைக்கு ஒரு கணக்கு, உழைப்புக்கு ஒரு கணக்கு என்று இரண்டு அளவுகோல் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அவனுக்கு எது பாதகமோ அதை எடுத்து அளப்பதுதான் அநியாயம். அந்த ராத்திரி நடந்தது அது. சட்டைக்குப் பட்டியலைப் பார்த்தார்கள், மோதிரத்துக்கு வேலையைப் பார்த்தார்கள். ஏதாவது ஒன்றை மட்டும் பார்த்திருந்தால் அவனுக்கு ஒன்றாவது கேட்கும் உரிமை இருந்திருக்கும்.

ஆபீஸில் ஒருவர் லீவு என்றால் அவர் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு, இன்கிரிமென்ட் சமயத்தில் ‘உங்க சொந்த வேலை கொஞ்சம் பின்தங்கியிருக்கே’ என்று கேட்கப்பட்டவர்கள் இதைப் படிக்கும் உங்களில் எத்தனை பேர்? உங்களுக்கு டிராகன் தெரியாமல் இருக்கலாம், கரடி தெரியும்.

சித்தப்பாவின் வாக்கியத்தை அவனிடம் சொன்னேன். “இங்கிலீஷ்ல எப்படிங்க மாமா சொல்றது?” என்றான். “கிளம்பறதுக்கு முன்னாடி கேள், அது போதும்” என்றேன்.

அடுத்த வேட்டை முடிந்து, விடிகாலை இரண்டு மணிக்கு மெசேஜ் அனுப்பியிருந்தான். கிளம்புவதற்கு முன்பே கேட்டானாம். தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, பட்டியலில் அவன் பெயருக்குப் பக்கத்தில் ‘இன்று கரடி’ என்று எழுதினாராம்.

“கரடிக்கு ஏதாவது கெடச்சுதா?” என்று காலையில் கேட்டேன்.

“ஒண்ணும் விழலைங்க மாமா” என்றான், சந்தோஷமாக.