பயண மோட்டார் சைக்கிள்களின் எரிபொருள் மானி: ஓர் ஒப்பீடு

மணாலி–லே சாலையில், தாண்டி என்னும் ஊரின் பெட்ரோல் நிலையத்தில், அடுத்த நிலையம் 365 கிலோமீட்டர் தொலைவில் என்றொரு பலகை நெடுங்காலம் நின்றது. பயண வண்டிகளின் எரிபொருள் மானியை எடைபோட ஏற்ற இடம் அது.

ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் பழைய மாதிரியில் மானியே கிடையாது. எஞ்சின் திக்கினால் தொட்டியடியிலுள்ள திருகை 'ரிசர்வ்' பக்கம் திருப்ப வேண்டும். சொன்னது ஒரே செய்தி. ஆனால் பொய்யில்லை (பெட்ரோல் நிரப்பியபின் திருகைத் திருப்பி வைக்க மறந்தவர் கதை வேறு).

ஹிமாலயன் 411-இல் முள் உண்டு. தொட்டிக்குள் மிதவை ஏறி இறங்க மின்தடை மாறும், முள் நகரும். தொட்டியோ சட்டத்தின் இருபுறமும் சேணம்போல் தொங்குவது. ஏற்றத்திலும், பக்கத் தாங்கியில் சாய்ந்து நிற்கும்போதும் பெட்ரோல் ஒருபுறம் ஒதுங்க, முள்ளும் இடம் மாறும்.

விலை கூடினால் நம்பகம் கூடும் என்பதற்கும் இல்லை. பி.எம்.டபிள்யூ ஆர் 1200 ஜி.எஸ்-இன் முந்தைய மாதிரிகளில் மிதவைக்குப் பதில் வந்த உணர்பட்டை அடிக்கடி பழுதானது. நிறுவனம் பின்னர் மிதவைக்கே திரும்பியது.

ஆகவே தொட்டியை நிரப்பி, பயணத் தூரமானியைச் சுழியாக்கிக் கணக்கிடுவதே மேல். ஹிமாலயன் 411-இன் தொட்டி 15 லிட்டர். லிட்டருக்கு 30 கிலோமீட்டர் கிடைத்தால் 450 வரை ஓடும். கணவாய் ஏற்றங்களில் அது 25 ஆனால் 375. பலகைத் தூரத்துக்கு மேல் மிச்சம் 10 கிலோமீட்டர், அரை லிட்டர்கூட இல்லை. முள்ளில் அது தெரியாது.