ஜன்னலுக்குள் ஒருவன், குடிசை வாசலில் ஒருவன்

சத்யஜித் ராய் 1964-ல் எடுத்த 'டூ' குறும்படத்தைக் குத்துச்சண்டை பார்ப்பதுபோல் சுற்றுச் சுற்றாகப் பார்க்கலாம். கறுப்பு வெள்ளைப் படம், சுமார் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஒரு வார்த்தை வசனம் கிடையாது.

மாடி ஜன்னலில் பணக்காரப் பையன், கீழே குடிசை வாசலில் ஏழைப் பையன். கீழே இருப்பவன் புல்லாங்குழல் ஊதினால், மேலே இருப்பவன் பொம்மை ஊதுகொம்பை எடுத்து வந்து அதை அமுக்குகிறான். இவன் குட்டி மேளத்தோடு வந்தால், ஜன்னலில் மேளம் கொட்டும் பொம்மைக் குரங்கு வந்து நிற்கிறது. முகமூடிக்கும் வில்லுக்கும் பதிலடியாகக் கத்தி, துப்பாக்கி. எல்லாப் புள்ளியும் ஜன்னலுக்கே. ஆனால் தோற்கத் தோற்கக் குடிசைக்காரன் அடுத்த பொருளை எடுத்து வர உள்ளே ஓடுகிறானே, அந்த ஓட்டத்தைக் கவனியுங்கள். நம் மனசு அவன் பக்கம் சாய்வது அங்கேதான். 'இப்போது என்ன கொண்டு வருவான்?' என்று நாமும் கூடவே ஓடுகிறோம்.

பிறகு காற்றாடி. அதற்கு ஈடான பொம்மை மேலே இல்லை. கவண் குறி தவறுகிறது, காற்றுத் துப்பாக்கி தவறவில்லை. கிழிந்த காற்றாடியோடு அவன் குடிசைக்குள் போகிறான்.

ஜெயித்தவன் எல்லாப் பொம்மைகளையும் முடுக்கிவிடுகிறான். அறை முழுக்க இரைச்சல். அதையும் மீறி ஜன்னல் வழியே புல்லாங்குழல் கேட்கிறது. ரோபோ தன்பாட்டுக்கு நடந்துபோய் அவன் கட்டிய கோபுரத்தைச் சரிக்கிறது. நான் பார்த்தவரை ஆட்டத்தின் முடிச்சு இதுதான்: அந்தப் பொம்மைகள் தாங்களே விளையாடிக்கொள்கின்றன, முடுக்கிவிட்டபின் குழந்தைக்கு அங்கே வேலை இல்லை. புல்லாங்குழலுக்கோ மூச்சு வேண்டும். வசனமில்லாத படமும் நம்மிடம் அதைத்தான் கேட்கிறது. மிச்சத்தை நாம் இட்டு நிரப்ப வேண்டியிருப்பதால்தான் தொண்டை அடைக்கிறது. 1956-ல் வந்த லாமோரிஸின் பிரெஞ்சுக் குறும்படம் 'சிவப்பு பலூன்' செய்ததும் இதே வித்தை. பலூனுக்கு உயிர் உண்டென்று அந்தப் படத்தின் பையன் நம்புகிறான், நாமும் நம்பிவிடுகிறோம்.

எங்கள் காஞ்சிபுரத்துக்கு வருகிறேன். பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்' முழுநீளப் படம். பட்டு இழையை வாயில் அடக்கிக் கடத்தும் நெசவாளியாகப் பிரகாஷ் ராஜ் தேசிய விருது பெற்றார், அதற்கு முழுத் தகுதி உள்ளவர். கடைசிக் காட்சியில் நானும் அழுதேன். ஆனால் மகளுக்குப் பட்டுப்புடவை என்பது அப்பாவின் கனவு. மகள் தாமரை தன் மனசுக்குள் அந்தப் புடவையை எப்படிக் கட்டிப் பார்த்திருப்பாள் என்ற கேள்வி என்னை விடவே இல்லை.

நெசவாளர் வீட்டுக் குழந்தை என்றதும் நம் இளம் இயக்குநர்கள் சிலர் அதை அழவைத்து, முகத்தருகே கேமராவைக் கொண்டுபோய், பின்னால் வயலினை இழுக்கிறார்கள். வேண்டாம் தம்பிகளா. குழித்தறியில் நெய்கிறவரின் கால்கள் குழிக்குள் இருக்கும். பக்கத்தில் தரையில் உட்கார்ந்த குழந்தைக்கும் அப்பாவுக்கும் கிட்டத்தட்ட ஒரே கண்மட்டம். கேமராவை அங்கே வையுங்கள். நூல் தீர்ந்து காலியான தார்க்குச்சிகளை வரிசையாக அடுக்கி ரயில் விடும் குழந்தைக்குத் தறிச் சத்தமே ரயில் சத்தம். அப்பா மிதியை நிறுத்தினால் ரயிலும் நின்றுவிடும்.

பெருமாள் கருடன்மேல் உலா வரும் வைகாசி கருட சேவை முடிந்த வாரம் பிள்ளையார்பாளையத் தெரு ஒன்றில் நான்கு பிள்ளைகள் இரண்டு கழிகளில் அட்டைப்பெட்டியைக் கட்டித் தூக்கி வந்தார்கள். பெட்டிக்குள் வாலில்லாத பிளாஸ்டிக் கிளி. அதுதான் கருடன். ஒருவன் தட்டைக் கொட்ட, ஒரு சிறுமி கம்பி தெரிந்த பழைய குடையை எம்பி எம்பிப் பிடித்தாள். எதிரே வந்த சைக்கிள்காரர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு ஓரமாக நின்றார். சாமி கடந்துபோன பிறகுதான் ஏறினார்.