ஒரே மேஜையில் நாலு கையெழுத்துப் பிரதி

ஓசூர், தர்மபுரி, பெங்களூர் வட்டாரத்துத் தமிழ் எழுத்தைப் பற்றி யாராவது ஆராய்ச்சி செய்தால் தொலைபேசித் துறைக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கணும். ஆதவன் தீட்சண்யா ஓசூரில், பாவண்ணன் கர்நாடகத்தில், ஜெயமோகன் சில வருஷம் தர்மபுரியில் (கிருஷ்ணகிரி 2004-ல்தான் தனி மாவட்டம் ஆச்சு). மூணு பேரும் அந்தத் துறை ஊழியர்களாக இருந்தவர்கள். மூணு பேருமே ஒரே காலத்தில் பல வகை எழுத்தைக் கையில் வைத்திருந்தவர்கள்.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி நம்ம ஊர் விமர்சனத்தில் ஒரு பழக்கம் உண்டு. நிறைய எழுதினால் "நீர்த்துப்போச்சு" என்பார்கள். பத்து வருஷம் ஒரே நாவலோடு இருந்தால் மரியாதை. எண்ணிக்கையை வைத்து எடைபோடுகிற இந்தப் பழக்கம் எனக்குச் சரியாகப் படவில்லை. பக்கத்து மேஜையில் இருக்கிற வேலையிலிருந்து இந்த வேலை எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்த்தால்தான் ஏதாவது பிடிபடும்.

சுஜாதாவைப் பாருங்க. பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸில் முழுநேர வேலை. கூடவே வாரப் பத்திரிகைகளில் ஒன்றுக்கு மேற்பட்ட தொடர்கள். அந்தத் தொடர்கள் பலவற்றில் முதல் அத்தியாயங்கள் அபாரம். முடிவில் அவசரம் தெரியும், முடிச்சுகள் ரெண்டு பக்கத்தில் அவிழ்ந்துவிடும். கணேஷும் வசந்தும் கதைக்குக் கதை திரும்ப வருவதில் ஒரு நடைமுறை வசதியும் இருக்கு: ஆளை அறிமுகப்படுத்தும் வேலை மிச்சம். ஆனால் அதே மனிதர் கணையாழியின் கடைசிப் பக்கத்தில் 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்ற வேறு பெயரில், அவசரமே இல்லாமல், படித்ததையும் பார்த்ததையும் பேசிக்கொண்டிருந்தார். தொடர்கதைகளில் செலவானது அங்கேதான் திரும்பச் சேர்ந்தது என்பது என் ஊகம். இன்றைக்கு எடுத்துப் படித்தால் பல தொடர்களைவிட அந்தப் பக்கங்கள் புதுசாக இருக்கின்றன.

பாவண்ணன் கதை வேறு. சிறுகதை, நாவல், கட்டுரை என்று அவர் சொந்தமாக எழுதினதோடு கன்னட மொழிபெயர்ப்பும் கூடவே நடந்தது. பைரப்பாவின் 'பர்வ'வைப் 'பருவம்' என்று தமிழில் கொண்டுவந்ததற்கு சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசும் கிடைத்தது. மொழிபெயர்ப்பு சொந்த எழுத்தைத் தின்றுவிடும் என்கிறவர்களுக்கு அவர் நூல் பட்டியலைக் காட்டினால் போதும்.

ஆதவன் தீட்சண்யாவிடம்தான் சிக்கல் சுவாரஸ்யமாகிறது. கவிதை, சிறுகதை, கட்டுரை, மேடைப்பேச்சு, 'புதுவிசை' இதழ், எடுத்த நேர்காணல்கள். அத்தனைக்கும் ஒரே கோபம்: சாதி. பல எழுத்துக்கு ஒரே அடுப்பு என்றால் ஒரு ஆபத்து உண்டு. கட்டுரையில் சொல்ல வேண்டியதைக் கதையில் ஒரு பாத்திரம் எழுந்து நின்று சொல்லிவிடும். அவருடைய சில கதைகளில் இது நடந்திருக்கு. நையாண்டி தூக்கி நிறுத்தாவிட்டால் அவை துண்டுப் பிரசுரமாகவே முடிந்திருக்கும். 'மீசை என்பது வெறும் மயிர்' இந்தப் பலவீனத்தையே முதலாக்கிக்கொண்டது. இல்லாத ஒரு எழுத்தாளரை உண்டாக்கி, அவரோடு நேர்காணல் நடத்தி, அவர் எழுதியதையும் நம் முன்னால் வைக்கிறது புத்தகம். வருஷக்கணக்காகப் பத்திரிகைக்காகக் கேள்வி கேட்டுப் பழகின கைதான் அதை எழுதியிருக்க முடியும். புதுவிசை வேலை நாவலுக்குப் போட்டியாக நின்றிருந்தால் இந்த வடிவம் கிடைத்திருக்காது.

அதே ஓசூரில்தான் பா.வெங்கடேசனும் இருக்கிறார். 'தாண்டவராயன் கதை' 2008-ல், 'பாகீரதியின் மதியம்' 2016-ல். ரெண்டும் தலையணை கனம். எட்டு வருஷ இடைவெளியைக் காட்டி, "பாருங்க, ஒரே வேலையில் உட்கார்ந்தவர்" என்று அவரை உதாரணம் சொல்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தால் ஒரு கதையிலிருந்து இன்னொன்று கிளைத்துப் போய்க்கொண்டே இருக்கு. மற்றவர்கள் நாலு நோட்டில் பிரித்து வைப்பதை அவர் ஒரே அட்டைக்குள் தைத்திருக்கிறார். வாசகனுக்கு மூச்சு முட்டுகிற இடங்கள் உண்டு, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனாலும் ஒரே வேலைக்கு உதாரணமாக அவரை நிறுத்துவது பொருந்தாது.

இதெல்லாம் எதற்கு என்றால், சிப்காட் பக்கம் எழுத ஆசைப்படுகிற பையன்களுக்கு மூத்தவர்கள் சொல்கிற ஒரே புத்திமதி: "முதல்ல ஒண்ணை முடி தம்பி." ஷிப்ட் வேலை பார்க்கிறவனுக்கு இது எப்படிப் பொருந்தும்? எனக்குத் தெரிந்த ஒருத்தரிடம் பாதி நாவல், கொஞ்சம் கன்னடக் கதை மொழிபெயர்ப்பு, ஒரு கவிதைக் கட்டு. நைட் ஷிப்ட் வாரத்தில் நாவலின் இழையைப் பிடிக்க முடியாது. பாதி தூக்கத்திலும் இன்னொருத்தர் வாக்கியத்தைத் தமிழாக்க முடியும். பகல் ஷிப்ட் வந்தால் நாவல். மொழிபெயர்ப்பை நிறுத்தச் சொன்னால் நைட் ஷிப்ட் வாரத்தில் அவர் எழுதவே மாட்டார், அவ்வளவுதான்.

அவர் நாவலில் தொழிற்சாலை வாசல் டீக்கடைப் பேச்சு ஒன்று வருது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் கலந்தது. முதல் பிரதியில் எல்லாரும் ஒரே தமிழ் பேசினார்கள். ஆறு கன்னடக் கதைகளை மொழிபெயர்த்த பிறகு எழுதின பிரதியில் தளியிலிருந்து வருகிற ஆளின் தமிழ் தனியாகக் கேட்கிறது.