பெரியப்பா, பென்சில், ஐம்பத்துநாலு கிலோமீற்றர்

“பிள்ளை, இருபது செக்கன் முந்திப் போறாய். கொஞ்சம் அமத்திப் பிடி.”

பக்கத்து இருக்கையில் பெரியப்பா. மடியில் கிளிப் போட்ட பலகை, காதில் பென்சில், நெற்றியில் டொலர் கடையில் வாங்கிய சிறு விளக்கு. பீற்றர்பரோவுக்கு வடக்கே ஏதோ ஒரு சரளைக்கல் வீதி. ஒக்ரோபர் இருட்டு. எங்கள் பழைய கொரோலா மணிக்கு அறுபதில் போய்க்கொண்டிருந்தது. ஆமாம், அறுபதுதான்! மார்க்கம் வீதியில் பாண் வாங்கப் போகிறவர்கள்கூட அதைவிட வேகமாகப் போவார்கள். ஆனாலும் சொல்கிறேன், இருபது வருடக் கனடா வாழ்க்கையில் ஒரு காருக்குள் இருந்துகொண்டு நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதே இல்லை.

கார்ப் பந்தயம் காசுக்காரர் சமாச்சாரம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். 1986இல் தொடங்கி 2025 வரை ரொறன்ரோ எக்ஸிபிஷன் பிளேஸில் நடந்த இண்டி பந்தயத்தை வேலியோரம் நின்று, காதைப் பொத்திக்கொண்டு பார்த்திருக்கிறேன். நமக்கு அவ்வளவுதான் என்று திரும்பி வந்துவிடுவேன். பிறகு வேலையிடத்தில் ஒருத்தி நெவிகேஷன் ராலி என்று ஒன்று இருப்பதைச் சொன்னாள். வீட்டுக் கார் போதும், லைசென்ஸ் போதும், பக்கத்தில் கணக்குத் தெரிந்த ஒருவர் வேண்டும் என்றாள். யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் கணிதம் படிப்பித்த மனிதர் எங்கள் வீட்டு சோபாவில் சும்மா இருந்து டிவி பார்த்துக்கொண்டிருக்கிறார். வேறு யாரைத் தேடுவது?

விஷயம் இதுதான். வேகமாகப் போகிறவர் வெல்வதில்லை. நேரம் தவறாதவர் வெல்கிறார். புறப்படும்போது கையில் ஒரு பாதைப் புத்தகம் தருவார்கள். இந்தச் சந்தியிலிருந்து சராசரி வேகம் 54 என்று அதில் இருந்தால், நிமிடத்துக்கு 0.9 கிலோமீற்றர், 6.3 கிலோமீற்றர் போக ஏழு நிமிடம். ஏழுக்கு முந்தினாலும் தண்டம், பிந்தினாலும் தண்டம். எந்த வளைவுக்குப் பின்னால் செக்பொயின்ற் ஒளிந்திருக்கிறது என்று தெரியாது. அதனால் ஒவ்வொரு நிமிடமும் சரியாக இருந்தாக வேண்டும். கொடுக்கும் சராசரி எப்போதும் வீதியின் வேக எல்லைக்குள்தான் இருக்கும். ஆனால் ஒரு தடவை வழி தவறி, யாரோ ஒருவரின் மாட்டுக் கொட்டிலுக்கு முன்னால் போய் நின்று திரும்பி வந்து பாருங்கள், அந்த 54 எவ்வளவு பெரிய எண் என்று விளங்கும்! (போய் நின்றோம். மாடுகள் பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றன.)

பாதையும் நேராக எழுதியிருக்காது. ஒவ்வொரு சந்திக்கும் ஒரு சின்னக் கோட்டுப்படம்: அடியில் புள்ளி, அதுதான் நீங்கள், அம்புக்குறி, போக வேண்டிய பக்கம். ஒல்லாந்தில் 1949இல் தொடங்கிய ரியூலிப் ராலியின் பெயரால் இதை ரியூலிப் என்கிறார்கள். பெரியப்பாவுக்கு இந்தப் படங்கள் தண்ணீர் பட்ட பாடு. அதைவிட அவரை மயக்கியது முதல் கட்டம். உங்கள் காரின் ஓடோமீற்றரை ஒத்துப் பார்ப்பதற்கென்றே அந்தக் கட்டத்தை வைத்திருக்கிறார்கள். புத்தகம் 16.0 என்றது, எங்கள் கொரோலா 16.4 என்றது. மனிதர் ஒரு நிமிடம் கண்ணை மூடினார். “பெருக்க வேண்டியது 0.976” என்றார். அந்தக் குரலை நான் எட்டாம் வகுப்புக்குப் பிறகு அன்றைக்குத்தான் கேட்டேன்.

கொரோலா என்று சொன்னவுடன் சிரிக்காதீர்கள். ஸ்காபரோவில் நம் ஆட்கள் பாதிப்பேரின் முதல் கார் அது. 1973இல், உலக ராலி சம்பியன்ஷிப் தொடங்கிய அதே வருடம், மிச்சிகனில் நடந்த பிரஸ் ஒன் ரிகார்ட்லெஸ் ராலியை ஒட்டாவாக்காரர்களான வோல்ட்டர் பொய்ஸும் டக் வூட்ஸும் வென்றது ஒரு கொரோலாவில்! ரொயோட்டாவுக்கே அதுதான் உலக சம்பியன்ஷிப்பின் முதல் வெற்றி. இதைப் பெரியப்பாவிடம் சொன்ன நாளிலிருந்து அவர் எங்கள் காரின் கதவை மெதுவாகத்தான் சாத்துகிறார்.

கோடையில் நான் தனியாகப் போவது ஓட்டோ ஸ்லாலம். பெரிய வெறும் பார்க்கிங்கில் செம்மஞ்சள் கோன்களை அடுக்கி வைப்பார்கள். முதலில் நடந்து போய்ப் பாதையை மனப்பாடம் பண்ண வேண்டும், பிறகு ஹெல்மெற்றைப் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராக ஓட வேண்டும். ஒரு நிமிடம்கூட இல்லை, இரண்டாம் கியரைத் தாண்டுவதும் அருமை. ஒரு கோனைத் தட்டினால் நேரத்தில் இரண்டு செக்கன் கூடும். என் முதல் ஓட்டத்தில் ஏழு! நம் முறை முடிந்ததும் வெயிலில் நின்று மற்றவர் தட்டிய கோனை நிமிர்த்தி வைக்கவும் வேண்டும். கோடீஸ்வரரின் போர்ஷ விழுத்திய கோனை ஓடிப்போய் நிமிர்த்துவதில் ஒரு தனிச் சுகம். நெடுஞ்சாலையில் வீரம் காட்டும் நம் பெடியளை இங்கேதான் அனுப்ப வேண்டும். எல்லைக்கு மேல் 50 கூட ஓடிப் பிடிபட்டால் ஒன்ராறியோவில் கார் 14 நாளும் லைசென்ஸ் 30 நாளும் அந்த இடத்திலேயே போய்விடும். ஒன்று மட்டும்: நேரம் பார்த்து ஓடும் போட்டிகளைப் பல இன்சூரன்ஸ் ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை. போவதற்கு முன் உங்கள் பத்திரத்தை ஒழுங்காக வாசியுங்கள்.

குளிர்காலம் வந்தால் மின்டன்! அந்த ஊர்ச் சந்தை மைதானத்தில் தண்ணீரைத் தெளித்து உறைய விட்டு, ஜனவரி, பெப்ரவரியில் அந்தப் பனிக்கட்டிமேல் பழைய கார்களை ஓட விடுகிறார்கள். ஒரு பிரிவுக்குச் சாதாரண விண்டர் ரயர், மற்றதுக்கு ஆணி அடித்த ரயர். கார் ஒரு பக்கம் பார்க்கும், போவது இன்னொரு பக்கம்! அதை நான் பனிக்குவியல்மேல் நின்று கால் விறைக்கும் வரை பார்த்தேன். அடுத்த குளிருக்கு நானும் இறங்குவேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான ராலி வேகம் வேண்டுமென்றால் நவம்பர் கடைசியில் பான்குரொஃப்ற் பக்கம் நடக்கும் ரோல் பைன்ஸ் ராலி இருக்கிறது. மூடிய காட்டு வீதி, கூண்டு போட்ட கார்கள். அதில் ஓட நமக்கு வசதி இல்லை, தொண்டராக நிற்கலாம். பெரியப்பா தன் வாலிப வயதில் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி பார்க்க ஆசைப்பட்டு, பஸ் காசில்லாமல் விட்டவர். இங்கே பனியில் நின்று, ஒரு சுபாரு சரளையை வாரி இறைத்துக்கொண்டு போனபோது இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். “சிவபெருமானே” என்றார். கண்ணாடி முழுக்கச் சேறு.

எங்கள் முதல் ராலியில் புதியவர் பிரிவில் கடைசிக்கு முந்தின இடம். மாட்டுக் கொட்டில்தான் காரணம். அதற்கு என்ன, இப்போது எங்கே புறப்பட்டாலும் “ஓடோமீற்றரைப் பூச்சியமாக்கு” என்கிறார். போன வெள்ளிக்கிழமை ரிச்மண்ட் ஹில் பிள்ளையார் கோயிலுக்கு 27 நிமிடம் என்று கணித்தார். 31 எடுத்தது. பார்க்கிங்கில் இடம் தேடின நேரம் கணக்கில் சேராது என்று இன்னமும் வாதாடிக்கொண்டிருக்கிறார்.